பல் டாக்டர் நாற்காலியில் உன் வேட்டி

திருத்தணி
ஆவணி மாதம், 1948

அன்புள்ள மகன் கங்காதரனுக்கு உன் நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா கௌரியம்மாளும் உன் அக்கா அன்னம்மாளும் குழந்தை வசந்தியும் மலை மேல் இருப்பவன் தயவில் சௌக்கியம், அங்கே பம்பாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல், மில் வேலைக்கு நல்லபடியாகப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன். இது யார் கையெழுத்து என்று யோசிக்காதே. தபாலாபீஸ் வாசலில் எழுதித் தருகிறவர் எழுதியது இல்லை, நானே எழுதுகிறேன். காலையில் உட்கார்ந்தேன், வெயில் ஏறிவிட்டது, இன்னும் இவ்வளவுதான் வந்திருக்கிறேன். உன் அம்மா பெயரை எழுதி அவளிடம் காட்டினேன், இதுல நான் எங்க இருக்கேன் என்று விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். எழுத்துச் சொல்லிக் கொடுத்தது பல் டாக்டர் சம்சாரம் தேவசுந்தரியம்மாள். ஸ்டேஷன் பக்கத்தில் வீடெடுத்து ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாரே டாக்டர் ஜெயபால், கல்கத்தாவில் படித்து, சண்டையில் பட்டாளத்துக்குப் பல் பார்த்துவிட்டு வந்தவர், அவரிடம்தான் பெருக்கவும் தண்ணீர் இறைக்கவும் வந்தவர்களை உட்கார வைக்கவும் நான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். வந்தவர்கள் யாரும் மறுபடி வராததால் எனக்கும் அந்த அம்மாளுக்கும் நிறையப் பொழுது இருந்தது, அந்தப் பொழுதில்தான் நான் படித்தேன்.

அந்த இடத்தை நீ பார்க்க வேண்டும் கங்காதரா. ஒரு நாற்காலி இருக்கிறது, காலால் மிதித்தால் ஆளோடு மேலே ஏறுகிறது. யாரும் இல்லாதபோது நானே உட்கார்ந்து தேவசுந்தரியம்மாளை மிதிக்கச் சொல்லி ஏறிப் பார்த்தேன், சுகமாகத்தான் இருந்தது, ஆனால் தலையைச் சாய்த்தால் கூரை மட்டும்தான் தெரிகிறது, பக்கத்தில் யார் என்ன எடுக்கிறார் என்று தெரிவதில்லை, அது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அலமாரியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக வாய் வாயாக வைத்திருக்கிறார், ஒவ்வொருவர் பல்லையும் அச்செடுத்து வார்த்தது. அதில் ஒன்று நம் வசந்தியுடையது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அம்மாவைக் கூட்டிப் போய்க் காட்டினேன், உயிரோட இருக்கிற குழந்தை வாயை இப்படியா அலமாரியில வைப்பாங்க என்று தலையைச் சுற்றித் திருஷ்டி கழித்தாள்.

வசந்திக்கு முன்பல் எடுப்பு என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தேங்காய்த் துருவி என்று கூப்பிடுகிறார்களாம், அதனால் பேசும்போதும் சிரிக்கும்போதும் கையால் வாயை மூடிக்கொள்வாள். டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, கோணல் பல்லைக் கம்பி போட்டு நேராக்கலாம், இந்த ஊரில் யாரும் நம்பவில்லை, உன் பேத்தியைச் செய்து காட்டுகிறேன், காசு வேண்டாம் என்றார். கடைவாய்ப் பல்லுக்கு மோதிரம் மாதிரி மெல்லிய வளையம் மாட்டி, முன்பல்லில் கம்பி கட்டினார், மாதம் ஒரு தடவை வந்து இறுக்கிக்கொண்டு போக வேண்டும். எலும்பில் ஊன்றிய பல் எப்படி நகரும் என்று கேட்டேன். மெதுவாகத் தள்ளினால் எலும்பே வழி விடும் எல்லப்பா என்றார். அன்றிலிருந்து என் பல் ஒவ்வொன்றையும் நாக்கால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எதுவும் நகர்ந்ததாகத் தெரியவில்லை.

நடந்த கூத்து இனிமேல்தான். வந்தவர்களை வெறும் வாயோடு உட்கார வைத்தால் நமக்கு மரியாதையா என்று உன் அம்மாவிடம் சொன்னேன், அவளும் ஒரு தூக்கு நிறையப் பொரிவிளங்காய் உருண்டை பிடித்துக் கொடுத்தாள். உன் அம்மா பிடிக்கும் உருண்டை உனக்குத் தெரியாததா, அம்மிக் குழவியால் தட்டினால்தான் உடையும். பல் டாக்டர் வாசலில் அதை வைத்துக்கொண்டு வந்தவர்களை எல்லாம் உபசரித்தேன். முதலில் எடுத்துக் கடித்தவள் வசந்தி, கம்பி அறுந்து உதட்டைக் கீறிவிட்டது. டாக்டருக்கு வந்ததே கோபம், இது ஆஸ்பத்திரியா கலியாண வீடா என்று கத்தி, எங்களை எல்லாம் வெளியே அனுப்பி, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அறுந்த கம்பியை எடுத்தார். உள்ளே அவள் அழுத அழுகை ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு நான் போக மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். உன் அக்கா அடித்துப் பார்த்தாள், நான் கெஞ்சிப் பார்த்தேன், அங்க போறதுக்கு நான் தேங்காத் துருவியாவே இருந்துடறேன் தாத்தா என்று சொல்லிவிட்டாள். டாக்டரோ கோபம் தணிந்து, இந்த மாதம் வராவிட்டால் மீதி வளையத்தையும் எடுத்துவிட வேண்டியதுதான், கவனிக்காமல் விட்டால் பல் சொத்தையாகும், நகர்ந்த பல்லும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்றார். சொல்லும்போது அவர் முகமும் நன்றாக இல்லை.

அடுத்தவர்களும் ஏன் திரும்பி வருவதில்லை என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. கனகம்மாசத்திரத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் பரந்தாமன் மகளுக்கும் கம்பி போட்டிருந்தது, நேரே போய்க் கேட்டேன். அந்தப் பெண், வலி ஒண்ணும் பெருசா இல்ல, கதவை மூடிகினு இன்னா பண்ணப் போறாரோன்னு தெரியாததுதான் பயம் என்றது. பரந்தாமன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டர் வீட்டுல தண்ணி குடுத்தா வாங்கறதா வேணாமான்னு வேற ஒரு சங்கடம், வாங்கினா எங்க வீட்டுல சாதியைச் சொல்லிப் பேசுவாங்க, வாங்கலன்னா அந்தம்மா முகம் வாடிப்போவுது, அதுக்கு வராமலே இருந்துடலாம் என்றார்.

இது நடந்த வாரம் ஆடிக் கிருத்திகை. குளத்தங்கரையில் குழந்தைகளுக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்ததை நின்று பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்ததுதான், ஆனால் இந்தத் தடவைதான் உற்றுப் பார்த்தேன். கத்தியைக் கண்டதும் அலறுகிற குழந்தை, மாமன் மடியில் உட்கார்ந்து அவன் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டதும் விசும்பலோடு அடங்கிவிடுகிறது. கத்தி என்னவோ அதே கத்திதான். ஆஸ்பத்திரிக்குப் போய், பரந்தாமன் மகள் சொன்னதையும் இதையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ஏன் எல்லப்பா, இதென்ன காதுகுத்தா, மாமன் மடியில உக்காத்தி வெச்சு வெத்தலை பாக்கு மாத்தணுமா என்று கேலி செய்தார். தேவசுந்தரியம்மாள் உள்ளேயிருந்து, காதுகுத்து ஒரு நாளோட முடிஞ்சுடுது, நீங்க வருஷக் கணக்கா வரச் சொல்றீங்க, மடி இதுக்குத்தானே அதிகமா வேணும் என்றார்கள்.  மறுநாள் நான் பெருக்கப் போனால் நாற்காலி இருக்கும் அறைக்குக் கதவே இல்லை, கழற்றிக் கொல்லையில் சாத்தி வைத்திருந்தார், பட்டாளத்துல ஒவ்வொருத்தனா உள்ள விட்டுக் கதவைச் சாத்தி பழகிட்டேன் எல்லப்பா, அவங்க வராம இருக்க முடியாது, இவங்களால முடியும் என்றார். நாற்காலி பக்கத்தில் சொந்தக்காரர் உட்கார ஒரு பெஞ்சு. நாற்காலியில் இருப்பவர் கையில் ஒரு கண்ணாடி, தன் வாயில் நடப்பதைத் தானே பார்த்துக்கொள்ளலாம். எந்த ஆயுதத்தையும் முதலில் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோகிறார். தண்ணீர்ச் சங்கடத்துக்கு தேவசுந்தரியம்மாள் வழி கண்டுபிடித்தார்கள், இளநீர். சீவிய காயை வந்தவர் கையிலேயே கொடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீரை யார் கையும் தொட்டதில்லை, யார் வீட்டு வாசலிலும் குடிக்கலாம், கம்பியும் அறுந்து போகாது. காய் சீவுவது இப்போது என் உத்தியோகம். பரந்தாமனே மகளோடு வந்து ஒன்று குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

ஆனால் வசந்தி மட்டும் அசையவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், கதவு இல்லை என்றேன், கண்ணாடி என்றேன். மாமன் மடின்னு நீதான சொல்ற, மாமா வந்தா உக்கார்றேன் என்றாள். உன்னைப் பம்பாயிலிருந்து எப்படி வரவழைப்பது. அப்போது உன் அம்மா எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, நீ விட்டுப்போன கரை வேட்டியை எடுத்து வந்தாள். அன்னம்மாளுக்குக் காது குத்தும்போது என் தம்பி வர முடியாம கோலார்ல வேலையில மாட்டிகினான், அவன் கட்டின வேட்டியை மடிச்சுப் போட்டு அதும்மேலதான் அவளை உக்காத்தினோம், வேட்டி இருந்தா மாமன் இருக்கிற மாதிரிதான் என்று வசந்தியிடம் சொன்னாள். வசந்தி வேட்டியை முகர்ந்து பார்த்தாள், பெட்டி வாசனைதான அடிக்குது, மாமா வாசனை எங்க என்றாள், ஆனாலும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு தானே முன்னால் நடந்தாள். டாக்டர் வேட்டியை வாங்கித் தன் கையால் நாலாய் மடித்து நாற்காலியில் போட்டார். உன் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து வசந்தி காலைப் பிடித்துக்கொண்டாள், தன் கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். வசந்தி கண்ணாடியை விடவில்லை. இது இன்னா, அது எதுக்கு, இது எவ்ளோ இறுகும் என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டாள், அவள் கேட்டது எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, டாக்டருக்கு மட்டும் புரிந்தது, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே புதுக் கம்பி கட்டி முடித்துவிட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

இப்போது ஆர்.கே.பேட்டையிலிருந்து நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள்கூட மாமனோடு வருகிறார்கள். மாமன்கள் பெஞ்சில் உட்கார்ந்து டாக்டருக்கே யோசனை சொல்கிறார்கள், அதற்கு அவர் என்னை முறைக்கிறார். எனக்குத்தான் படிக்கப் பொழுது குறைந்துவிட்டது. நீ மழைநாளில் செருப்பில்லாமல் நடக்காதே, ராத்திரி ஷிப்டு முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. வேட்டி ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, அதைத் தேடாதே. கம்பி எடுக்கும் நாளுக்கு வேட்டி போதாது, மாமாவே வரணும் என்று வசந்தி எழுதச் சொன்னாள், டாக்டர் அது அடுத்த வருஷம் ஆடிக்கு இருக்கும் என்கிறார், இப்போதே லீவு சொல்லி வை. பதிலைப் பெரிய எழுத்தாக எழுது, நானே படிக்க வேண்டும். தணிகை முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். இவ்வளவும் எழுதி வசந்தியிடம் படிக்கக் கொடுத்தேன், உன் அம்மாவின் உருண்டை வந்த இடத்தில் சிரித்தாள் பார், கம்பி முழுக்கப் பளபளவென்று தெரிந்தது. இரண்டு கையாலும் காகிதத்தைப் பிடித்திருந்தாள், வாயை மூடவே இல்லை.

தன் கையாலேயே எழுதி ஆசீர்வதிக்கும்
உன் நைனா
எல்லப்பன்