மாமி திறந்த சட்டி

பாலையூற்று வீட்டின் குசினியை நாற்பது வருடம் ஆண்ட என் அன்பு அப்பாவுக்கு,

முதலில் ஊர்ப் புதினம். சேமக்காலைக்குள் கட்டாக்காலி மாடுகள் நுழைந்து உங்கள் கல்லறையில் வைத்த மலர்வளையங்களைத் தின்றுவிட்டன. துறைமுகத்தில் உங்களோடு கிரேன் ஓட்டியவர்கள் வைத்த பெரிய வளையத்தில் கம்பியும், ஆழ்ந்த அனுதாபங்கள் என்று எழுதிய துணியும்தான் மிச்சம். எனக்குக் கோபம் வரவில்லை. உங்களுக்கும் மாடுகளுக்கும் நெடுநாளாக இருந்த கணக்கு ஒருவழியாக நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் இன்னும் அழவில்லை. லிங்கநகரில் இருக்கும் அம்மாவின் ஆட்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். செத்த வீட்டன்று அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, என் தோளில் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார், பழுதான ரேடியோவைத் தட்டுவது போல. ஒன்றும் வரவில்லை. இப்போது கந்தோருக்குப் போகிறேன், வருகிறேன். கோப்புகளில் கையெழுத்து வைக்கிறேன். அங்கே ஒருவரும் என்னில் எந்த மாற்றத்தையும் கண்டுபிடிக்கவில்லை. அரச சேவைக்கு உணர்ச்சி ஒரு தகைமையாக இருந்ததில்லை என்பது எனக்கு இப்போதுதான் உதவுகிறது.

முப்பத்தோராம் நாள் பூசை வரைக்கும் நம் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. லிங்கநகரிலிருந்துதான் சாப்பாடு வந்தது. பூசணிக்காய், பருப்பு, வாழைக்காய், மறுபடி பூசணிக்காய். பெரிய மாமாவின் மனைவி, மாமி, அதை அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு, அம்மா ஒவ்வொரு வாயாகச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். தொலைந்துபோன ஆள் வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பார்க்கும் முகம் அது.

அவர்கள் கணக்குப்படி அது திரும்புதல்தான். சைவ வீட்டுப் பெண், கிறிஸ்தவனை, வேதக்காரனைக் கட்டினாள். அதையாவது மன்னித்தார்கள். மாட்டிறைச்சி சாப்பிடத் தொடங்கியதைத்தான் அவர்களால் விழுங்க முடியவில்லை. அந்தச் சொல்லைக்கூட அவர்கள் சொல்வதில்லை. "அது" என்பார்கள். "அந்த வீட்டில் அது சமைக்கிறவை." "தங்கச்சி பாவம், புருஷனுக்காக அது சாப்பிடுறா." பெரிய மாமா உங்களுக்கு நேரேயே ஏசுவார். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு, "எனக்கு அது இல்லாமல் சோறு இறங்காது, மச்சான்" என்பீர்கள். இது நான் பிறந்த நாளிலிருந்து கேட்ட கதை. அதில் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

பூசை முடிந்த அன்று மாமா தீர்ப்புச் சொன்னார். "இவ்வளவு காலமும் அவருக்காக இருந்தாய், அவருக்காகச் சாப்பிட்டாய். இனிக் காணும். ஞாயிற்றுக்கிழமை வான் கொண்டு வாறன், சாமான்களைக் கட்டி வை. எங்களோட வந்து இரு."

அம்மா மாமியின் வெறும் பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. பகலில் நான் கந்தோரில், என் தங்கச்சி லண்டனில், அம்மா ஒரு வீடு நிறையக் கதிரைகளோடு தனியே. போகவேண்டாம் என்று சொல்ல மனதுக்குள் ஏதாவது எழும்பவேண்டும் அல்லவா? எழும்பவில்லை. சனிக்கிழமை அலுமாரிக்கு மேலிருந்து சூட்கேசை இறக்கித் தூசி தட்டினேன்.

சூட்கேசுக்குப் பின்னால் அந்தப் பெட்டி இருந்தது. தங்கச்சி அனுப்பிய ஸ்லோ குக்கர், ஆறுதலாக வேகவைக்கும் மின்சாரச் சட்டி. நீங்கள் அதை ஒரு தடவை திறந்து பார்த்து, "எட்டு மணித்தியாலம் எடுக்குமாம், இது சட்டி இல்லை, சோம்பேறி" என்று சொல்லி மேலே ஏற்றிய நாளிலிருந்து யாரும் தொடவில்லை. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நாளைக்கு விடிய மார்க்கற்றுக்குப் போய்க் கொஞ்சம் இறைச்சி எடுத்துக்கொண்டு வா" என்றார்.

"நாளைக்கோ? நாளைக்கு மாமா வாறாரெல்லோ?"

"ஓம். தெரியும்."

விடியப் போனேன். நீங்கள் வழக்கமாக எடுக்கிற, கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் நானாவின் இறைச்சிக் கடைதான். என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டார்.

"வாங்க தம்பி. அப்பா மௌத்தான கதை கேள்விப்பட்டன். அவர் எடுக்கிற துண்டையே தரட்டா?"

"அது என்ன துண்டு, நானா?"

"கால் தசை. சவ்வோட. சவ்வைக் கழிச்சா சண்டைக்கு வருவார். 'அவ சவ்வுக்குத்தான் சாப்பிடுறவ, அதை வெட்டிப்போட்டு எனக்கு என்ன தாறீர்' எண்டு."

அவர் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் இப்போது என் காதில் விழுவதெல்லாம் உடனே உள்ளே போவதில்லை. பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெட்டிக்குள் இருந்த செய்முறைப் புத்தகத்தில் கரட், செலரி, ஒரு கோப்பை சிவப்பு வைன் என்று இருந்தது. அம்மா அதை மூடி வைத்தார். வினாகிரி, மிளகு, வறுத்த தூள் பிரட்டி ஊற வைத்தோம். தாச்சியில் வெங்காயமும் இறைச்சியும் சிவக்கும் வரை வதக்கி, ரம்பை இலை, கறுவாப்பட்டை சேர்த்துச் சோம்பேறிக்குள் கொட்டினோம். நான் வழக்கமான கறிக்கு விடுவது போல இரண்டு கோப்பை தண்ணீரை விட்டுவிட்டேன். இதிலிருந்து ஆவி வெளியே போகாது, போட்ட தண்ணீர் போட்டபடியே நிற்கும் என்று புத்தகம் சொன்னது. அம்மா கரண்டியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார். தேங்காய்ப்பாலைக் கடைசியில்தான் விடவேண்டும், முதலே விட்டால் திரைந்துவிடும். மூடியையும் திறக்கக்கூடாது. திறந்தால் போன சூடு திரும்பி வர அரை மணித்தியாலம்.

பிறகு அது சும்மா இருந்தது, அப்பா. கொதிக்கவில்லை, விசில் அடிக்கவில்லை. வேலை செய்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு அந்தச் சட்டியைப் பிடித்துப்போனது.

நாங்கள் கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டு திரும்பும்போது வாசம் படலை வரைக்கும் வந்துவிட்டது. இந்தச் சட்டியின் ஒரே குறை அதுதான். நீங்கள் விறகு அடுப்பில் வைத்தால் ஒரு மணித்தியாலம் மணக்கும், முடிந்துவிடும். இது காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் ஊருக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும்.

பன்னிரண்டு மணிபோல வான் வந்தது. மாமா உள்ளே வந்து முன்கூடத்துக் கதிரையில் இருந்தபடி மூக்கைச் சுளித்தார். "என்னவோ மணக்குது. பக்கத்து வீடாக்கும்."

"பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கு, மாமா."

மாமா மின்விசிறியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாமி தான் கொண்டுவந்த கறிகளை வைக்கக் குசினிக்குள் போனார். அங்கே மேசையில் புதிதாக ஒன்று சூடாக இருந்தது. மாமிக்குத் தெரிந்த அப்படிப்பட்ட சட்டி ஒன்றுதான்: ரைஸ் குக்கர். சோறு வெந்துவிட்டதா பார்ப்போம் என்று மூடியைத் தூக்கினார்.

நான் எட்டிப் பார்த்தபோது மாமி மூடியைக் கையில் பிடித்தபடி ஆவிக்குள் நின்றார். வைக்கவும் ஏலாமல், விடவும் ஏலாமல்.

"மூடுங்கோ மச்சாள், சூடு போகுது" என்றார் அம்மா.

மாமா குசினி வாசலுக்கு வந்தார். என்னைத்தான் பார்த்தார். "தம்பி, இண்டைக்கும் அது சமைக்க வேணுமே? கொப்பரும் போயிட்டார். இனி ஆருக்கு?"

"எனக்கு, அண்ணா," என்றார் அம்மா. "மாட்டிறைச்சி. எனக்குத்தான்."

"நீ அந்தாளுக்காகச் சாப்பிட்டுப் பழகினனி. அது மாறும்."

"அவருக்காக இல்ல. அவருக்கு இறைச்சி விருப்பமே இல்ல. ஹாபரில வேலை செய்த ஆள், மீன் இருந்தாக் காணும். இவனை வயித்தில வச்சிருக்கேக்க எனக்குத்தான் பக்கத்து வீட்டில மணந்து ஆசை வந்தது. அவர் அங்க போய்ச் சமைக்கப் பழகிக்கொண்டு வந்தவர். பேந்து விடேலாமப் போச்சு. உங்களிட்டச் சொல்லப் பயந்தனான். 'என்ர பேரைச் சொல்லிப்போட்டு நீ சாப்பிடு, உன்ர அண்ணன் என்னைத்தானே ஏசுவார்' எண்டவர்."

மாமா கதிரையைத் தேடி இருந்தார். "அப்ப நான் அந்த மனிசனை இவ்வளவு காலமும் சும்மாவா ஏசினனான்?"

"ஓம்."

"ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லேல்லையே."

"கிரேன் சத்தத்தில காது போன மனிசன். அரைவாசி கேட்டிருக்காது."

நீங்கள் எப்போதும் குசினியில் நின்றபடியே சாப்பிடுவீர்கள். உங்கள் தட்டில் என்ன இருந்தது என்று நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. முந்தினநாள் மீன் குழம்பு என்று அம்மா பிறகு சொன்னார். ஏன், அப்பா, நீங்கள் எனக்குக்கூடச் சொல்லவில்லை? அல்லது, சொல்லாமல் இருப்பது உங்களுக்குப் பிடித்திருந்ததா?

"அங்க வந்தா நான் இதைச் சாப்பிடேலாது, அண்ணா," என்றார் அம்மா. "உங்கட வீட்டுக்கு அது சரியில்ல. நான் இங்கயே இருக்கிறன்."

மாமா வாதாடுவார் என்று நினைத்தேன். அவருக்கு வேறு கவலை வந்திருந்தது. "நான் வீட்டில போய் என்னத்தைச் சொல்லுறது? வான் பிடிச்சுக்கொண்டு வந்து வெறும் வானோட போனா, சித்தப்பாமார் கேப்பினமெல்லோ?"

அப்போது மாமிதான் வழி கண்டுபிடித்தார். மூடியை வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தபடி, "அப்ப இதெல்லாம் தம்பியாலதானே தொடங்கினது?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம் மாமி," என்றேன். "நான்தான் கேட்டனான். இப்பவும் எனக்கு அது இல்லாமச் சோறு இறங்காது. அம்மா எனக்காகத்தான் நிக்கிறா எண்டு சொல்லுங்கோ."

மாமாவின் முகம் தெளிந்தது. "அது சொல்லலாம்," என்றார். எழும்பினார். படலையடியில் நின்று திரும்பி, "தாயைப் பழுதாக்கிப்போட்டாய், தம்பி. வெட்கமில்லையே உனக்கு?" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு ஏச்சு ஏசினார். பிறகு மெதுவாக, "செவ்வாய் வாறன். செவ்வாயில அது சமைக்காதேங்கோ" என்றார். சூட்கேசைத் திரும்ப மேலே வைத்தேன்.

மூன்று மணிக்குத் தேங்காய்ப்பால் விட்டோம். மாமி திறந்ததால் இன்னும் அரை மணித்தியாலம் பொறுத்தோம். கரண்டியின் விளிம்பு பட்டதும் இறைச்சி பிரிந்தது. சவ்வு கரைந்து குழம்போடு ஒட்டியிருந்தது. அம்மா இரண்டாம் தரமும் சோறு போட்டார். நீங்கள் போன பிறகு இதுதான் முதல் தடவை.

"உப்புக் காணுமே?" என்று கேட்டார்.

"ஓம், அளவா இருக்கு" என்றேன். எனக்குத் தெரியவில்லை, அப்பா. சூடு தெரிந்தது. ருசி இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

ஒரு வாக்குத் தருகிறேன். ஞாயிறு தோறும் விடியச் சட்டியை ஏற்றுவேன், சவ்வைக் கழிக்கவிடமாட்டேன். லிங்கநகர் ஏசும்போது தலையை ஆட்டுவேன். ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லமாட்டேன். என் காது நன்றாகக் கேட்கிறது என்பதால் எனக்கு இது உங்களைவிடக் கொஞ்சம் கடினம்தான். பழகிக்கொள்வேன்.

இப்படிக்கு,
பிறக்க முந்தியே இறைச்சி கேட்ட
உங்கள் மூத்த மகன்