பெரிய மிஸ் எழுதாத கடிதம்

போன இடத்திலும் வருகைப் பதிவேட்டில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருக்கும் என் சுலோச்சனா அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. மாடியில் உங்கள் வீட்டுக்காரர் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே அதை அழுக வைத்துவிட்டார். அல்சூரில் மழை பெய்தால் நம் தெரு இன்னும் குளம்தான்.

பொறாமையாக இருக்கிறது அக்கா. செத்தவர் மேல் பொறாமைப்படலாமா? நான் படுகிறேன்.

நீங்கள் இந்த வீட்டு அண்ணனைக் கட்டி வந்த நான்காம் வருடம் நான் தம்பியைக் கட்டி வந்தேன். வீட்டில் எல்லோரும் உங்கள் ரசத்தையே புகழ்ந்தார்கள். சரி, போகட்டும் என்று விட்டேன். உங்கள் பள்ளியிலேயே எனக்கும் தமிழாசிரியை வேலை கிடைத்தது. அங்கே பிள்ளைகள் உங்களைப் பெரிய மிஸ் என்றார்கள், என்னைச் சின்ன மிஸ் என்றார்கள். தலை நரைத்த பிறகும் நான் சின்ன மிஸ்தான்.

கட்டுரைப் பாடத்துக்கு நாம் இருவருமே மாதிரிக் கட்டுரை எழுதிக் கொடுப்போம். என்னுடையது ‘நேரத்தின் அருமை’. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை, நடுவில் இரண்டு பழமொழி. பி பிரிவுப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து, தேர்வில் கொட்டி, அன்றே மறந்தார்கள். ஏ பிரிவுக்கு நீங்கள் கொடுத்ததோ ஒரே ஒரு பக்கம். சிறுமியாக இருந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் தோழியின் குடையைத் திருடிவிட்டு, விரித்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்து, கையில் குடையோடு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போன கதை.

அந்த வாரம் உங்கள் எட்டாம் வகுப்பு மொத்தமும் கட்டுரையில் குடை திருடியது. ஒருவன் மட்டும் சொந்தமாக யோசித்து ரெயின்கோட் திருடியிருந்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? “உங்க கிளாஸ் பூரா திருட்டுப் பசங்கக்கா” என்று சமையலறை வரைக்கும் வந்து சொன்னேன்.

நீங்கள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. “மொதல்ல என் கொடைய திருடட்டும் வசந்தா. அப்பறம் அவங்கவங்க வீட்டு விஷயம் தானா வரும்” என்றீர்கள்.

வந்தது. மூன்றாவது முறை எழுதும்போது உங்கள் வகுப்பு நந்தினி குடையை விட்டுவிட்டாள். அம்மா ஒருநாளாவது வீட்டில் இருக்கட்டும் என்று, அம்மாவின் கார்மெண்ட்ஸ் கம்பெனி அடையாள அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்ததையும், அம்மா அழுதுகொண்டே தேடியதையும், கடைசியில் தானே எடுத்துக் கொடுத்து அடி வாங்கியதையும் எழுதியிருந்தாள். அந்தத் தாளை நீங்கள் என்னிடம் நீட்டினீர்கள். படித்துவிட்டு, “எழுத்துப் பிழை நாலு இருக்கு” என்றேன். எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்கு அது தெரிந்ததா?

இப்போது அவர்கள் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு பிரிவுக்கும் தமிழ் நான்தான். எதைக் கொடுத்தாலும், “பெரிய மிஸ் ஷீட் இல்லியா மிஸ்?” என்று கேட்கிறார்கள். போன வாரம் கடிதம் எழுதும் பாடம் வந்தது. உங்கள் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்த கோப்பு முழுக்கத் தேடினேன். மாதிரிக் கடிதம் ஒன்றுகூட இல்லை.

அதனால் நான் எழுதினேன். ஊரில் படிக்கும் தம்பிக்கு அக்கா எழுதுவது போல ஒரு கடிதம். நன்றாகத்தான் வந்தது. தட்டச்சு செய்து முடித்ததும், அடியில் உங்கள் பெயரைப் போட்டேன். கை தவறிப் போடவில்லை அக்கா, வேண்டுமென்றேதான் போட்டேன். உங்கள் பெயர் இருந்தால் என் எழுத்தை அவர்கள் ரசிப்பார்களா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஜெராக்ஸ் தாள்களை வாங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! வகுப்பே மூச்சுக் காட்டாமல் படித்தது. பிறகு நந்தினி எழுந்தாள்.

“மிஸ், இது பெரிய மிஸ் எழுதினது இல்ல.”

“எப்படிச் சொல்ற?”

“பெரிய மிஸ் எழுதுனா அதுல அவங்க தோத்துப் போயிருப்பாங்க மிஸ். இதுல யாருமே தோக்கல. சும்மனே புத்தி சொல்லிட்டே போவுது.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “அவங்க எழுதினதுதான். உட்காரு” என்றேன். அவள் உட்கார்ந்தாள். தாளை மட்டும் மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். மணி அடிக்கும்வரை அதைத் திருப்பவில்லை.

மூன்று நாளாக அந்தக் கவிழ்ந்த தாள்தான் கண்ணில் நிற்கிறது. உங்கள் பெயரைத் திருடினேன் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மாவிடம் அடி வாங்கியதைக்கூட மறைக்காமல் எழுதிய பிள்ளையை, நாற்பது பேர் முன்னால் பொய் சொல்கிறவளாக்கி உட்கார வைத்தேனே? உங்களிடமாக இருந்தால் மன்னிப்புக் கேட்டு, ஒரு டம்ளர் காபியோடு முடித்திருப்பேன். அவளிடம் எப்படிக் கேட்பது?

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பழமொழி ஒன்றும் சேர்க்கவில்லை. முடிவுரைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நந்தினி நம்ப மாட்டாள், நீங்களும் நம்ப மாட்டீர்கள். அது தீரவில்லை. இந்தக் கடிதத்தையே நீங்கள் எழுதியிருந்தால் பாதி நீளத்தில் முடித்திருப்பீர்கள் என்று இப்போதும் எரிகிறது.

ஆனால் ஒரு சத்தியம் அக்கா. நாளை முதல் பீரியடில் நந்தினியைப் பெயர் சொல்லி எழுப்பி, அன்று நீ சொன்னதுதான் சரி என்பேன். பிறகு இதை வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டி, ஆளுக்கொரு ஜெராக்ஸ் கொடுப்பேன். கடிதப் பாடத்துக்கு மாதிரி இதுதான். இதில் நான் நன்றாகவே தோற்றிருக்கிறேன். இந்த ஒரு தடவையாவது பிள்ளைகள் என்னிடமிருந்து ஏதாவது திருடட்டும்.

அடியில் என் பெயரையே போடுகிறேன்.

உங்கள் ஓரகத்தி,
சின்ன மிஸ் வசந்தா