வாக்குத்தத்த அட்டை

ஞாயிறு, இரவு.

இன்று மத்தூரில் அண்ணனை அடித்துவிட்டேன். புத்தாண்டு ஆராதனையில், அந்த வருடத்துக்குக் கடவுள் தரும் வாக்கு என்று ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில், அவனுக்குச் சுகம் தருவேன் என்ற வசனம் வந்ததாம். அதை நம்பி மகள் எஸ்தரின் வலிப்பு மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். நான் போனபோது அவள் தரையில் வலிப்பு வந்து துடித்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தான்.

“அந்த வசனம் யாருக்குச் சொன்னதுன்னு மேலயும் கீழயும் இருக்கற வசனத்தைப் படிச்சியாண்ணா?”

“நீ முழுசாப் படிச்சுத்தானேடா அவிசுவாசியா நிக்கறே?”

என்னைச் சபையிலிருந்து நீக்கக் கையெழுத்துப் போட்டவன் அவன். உதடு கிழியும்வரை அறைந்தேன். அண்ணி என்னைத் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் காரைக் கூப்பிட ஓடினார்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு எஸ்தர் கண் திறந்தாள்.

“ஜெபம் பண்ணுங்க சித்தப்பா.”

மறுக்க முடியவில்லை. நம்பிக்கை போன பிறகும் எனக்கு மனப்பாடமாக இருப்பது பைபிளின் சங்கீதப் பாடல்களில் ஒன்றே ஒன்றுதான். எதிரியையும் அவன் பிள்ளைகளையும் சபிக்கும் சங்கீதம். அண்ணனை நினைத்து எத்தனையோ இரவு அதைச் சொல்லியிருக்கிறேன். அதுதான் வாயில் வந்தது. பிள்ளைகளைச் சபிக்கும் வரி வந்ததும் நாக்கு நின்றுவிட்டது.

முடிந்துவிட்டது என்று நினைத்து அவள் ஆமென் என்றாள்.