கணினிக்கு அப்பா இட்ட பெயர்

நோத்ர-டாம்-த-கிரேஸ்,
மொன்றியல்.
16 கார்த்திகை 2025

அன்பு மகன் வசீகரனுக்கு,

அம்மா எழுதுவது. அம்மன் அருளால் நானும் அப்பாவும் சுகம், நீயும் ஒஸ்லோக் குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு சுகமாய் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். இந்தக் காலத்தில் தாளில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் எழுதினால் அப்பா பார்த்துவிடுவார், தன் கண்ணாடியைத் தேடுவதற்கும் அவருக்கு என் போன் வெளிச்சம்தான் வேண்டும். இங்கே முதற்பனி கொட்டிவிட்டது. உன் அக்காவின் மகள் கார்டெரிப் பாலர் காப்பகத்தில் பிரெஞ்சுப் பாட்டுப் பழகி வந்து என்னையும் பாடச் சொல்கிறாள், பாட்டு வருகிறது, மூக்கால் வரவேண்டிய சத்தம்தான் வரவில்லை. முழங்கால் உளைவு அப்படியேதான்.

நீ விட்டுச் சென்ற கணினிதான் இப்போது வீட்டில் பெரிய கதை. விண்டோஸ் 10க்கு இனித் திருத்தங்கள் வராது, புதியதற்கு இந்தக் கணினி போதாது என்று திரையில் அறிவித்தல் வந்ததிலிருந்து அப்பாவுக்கு ரோசம். புவாண்ட்-கிளேர் கடையில் புதியவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்லா ஓடுற சாமானை ஆரும் எறிவினமோ என்று வெறுங்கையோடு திரும்பி வந்தார். உன்னோடு படித்த வினோஜன்தான், விண்டோஸுக்குப் பதிலா இலவச லினக்ஸ் போடுங்கோ அங்கிள் என்று மூன்று விதத்தை மூன்று பென்டிரைவில் கொண்டுவந்து தந்தான். கணினியில் ஏற்றாமலே செருகித் திறந்து பார்க்கலாமாம். சேலைக்கடையில் விரித்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். உபுண்டுவில் படங்கள் எல்லாம் இடப்பக்கம் நெடுக்காக நின்றன, அப்பாவுக்குப் பிடிபடவில்லை. சோரின் நல்ல வடிவு, விண்டோஸுக்குக் கூடப்பிறந்தது போல, ஆனால் எங்கள் கணினிக்கு மூச்சு வாங்கியது. மின்ட்டில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை, மெனு வழக்கமான கீழ்மூலையில், தேடியது தேடிய இடத்தில். இதுதான் எங்கட ஆள் என்றார். ஒஸ்லோவில இருக்கிற தம்பியிட்ட ஒரு சொல் கேளுங்கோவன், அவனுக்குப் பதினைஞ்சு வயசிலேயே இது தெரியும் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உனக்கு நினைவிருக்கும், தபாலில் இலவசமாக வந்த உபுண்டு வட்டை நீ அப்பாவிடம் கேட்காமல் வீட்டுக் கணினியில் ஏற்றி, ஊர்ச்சங்க மலருக்கு அவர் சேர்த்து வைத்திருந்த கட்டுரை அத்தனையையும் அழித்தாயே. வீடு அன்று இரண்டுபட்டது. விண்டோஸைத் திரும்பப் போடவைத்து, பிறகு ஒரு கிழமையாக அவர் பக்கத்தில் இருந்து கையெழுத்துத் தாள்களை வாசிக்க வாசிக்க நீ திரும்பவும் தட்டினாய். நீ தமிழ் தட்டப் பழகியதே அப்போதுதான். அருளம்பலத்தாரின் நீட்டுக் கவிதை வந்தபோது நீங்கள் இருவரும் சிரித்த சிரிப்புக்கு மேல்வீட்டு ஆள் நிலத்தில் தட்டினான். நான் குசினிக்குள் நின்று, இன்னும் இரண்டு கட்டுரை அழிந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். எனக்கு அந்தக் கிழமை இன்றைக்கும் வேண்டும், தம்பி. நீ ஒஸ்லோவுக்கு வெளிக்கிட்ட அன்று, போறவன் போகட்டும் என்று சொல்லி அவர் விமான நிலையத்துக்கு வராமல் இருந்ததிலிருந்து, அப்பா சுகமோ என்று நீ என்னைக் கேட்கிறாய், சாப்பிட்டானாமோ என்று அவர் என்னைக் கேட்கிறார். இடையில் நான் தபாற்காரி.

போன சனிக்கிழமை மின்ட்டை ஏற்றினார். முதலில் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்தார், அவன் அண்டைக்கு இதைச் செய்யேல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் தேத்தண்ணியோடு பின்னால் நின்றேன். கணினிக்கு ஒரு பெயர் கேட்டது. அதுவே ஒரு பெயர் எழுதிவைத்திருந்தது, அப்பா அதை அழித்தார். பிறகு ஒற்றை விரலால் தட்டினார். வண்டு. அன்றைய பழைய கணினி இரைந்த இரைச்சலுக்கு, உபுண்டு ஏற்றியபோது நீ வைத்த பெயர். இரண்டு நாள்தான் அது அந்தப் பெயரோடு இருந்தது, அதையும் அவர்தான் அழிக்கச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

இப்போது எல்லாம் ஓடுகிறது, பிரிண்டர் மட்டும் ஓடவில்லை. சங்க ஒன்றுகூடல் அழைப்பிதழ் அடிக்க வேண்டும். ஐந்து நிமிச வேலை, வாறன் அன்ரி என்று வினோஜன் சொன்னான். பொறு மோனை, இப்ப வராதை என்று அவனை மறித்து வைத்திருப்பது நான்தான். நீ அப்பாவின் போனுக்கே எடு. பிரிண்டர் கதையை வினோஜன் சொன்னதாகச் சொல். சுகம் விசாரிக்க வேண்டாம், அது உங்கள் இருவருக்கும் வராது. என்ன மொடல் என்று மட்டும் கேள்.

நேரத்துக்குச் சாப்பிடு, மீன் எண்ணெய்க் குளிசையை மறவாதே. அம்மன் உன்னை எந்நாளும் காக்க, நீ நினைத்ததெல்லாம் கைகூட அம்மாவின் ஆசி.

உன்னை நினைத்திருக்கும் அம்மா,
வி. இந்திராதேவி

பி.கு. கெதியாய் எடு. உன்னிடம் கேட்கமாட்டேன் என்று, அப்பா அழைப்பிதழ்களைக் கையால் எழுதத் தொடங்கிவிட்டார்.