லூதர் உண்மையில் வேலைக்குப் போகிறாரா?

அனுப்புநர்
ஈனாக் சக்டன்,
சாயப்பட்டறைத் தொழிலாளி,
கால்வாய்த் தெரு, ஸ்கார்பெக், யார்க்‌ஷயர்.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
ஆட்டக்காரர் தொழில் விசாரணைக் குழு,
வடக்கு ரக்பி சங்கம்.

பொருள்: திரு. லூதர் க்ராப்ட்ரீ வேலைக்குப் போகாமலே ஆடுவதாக ஐயம் – விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வாரம் முழுக்கத் தன் தொழிலைச் செய்தவனே சனிக்கிழமை களமிறங்கலாம் என்பது தங்கள் விதி. அந்த விதிப்படி ஆறு ஆண்டுகள் எங்கள் ஊர் அணிக்கு இடது ஓரத்தில் ஓடியவன் நான். பிறகு லூதர் வந்தார். முதல் ஆட்டத்திலேயே மூன்று முறை கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தார். மறுவாரம் என் இடம் அவருடையது. இரண்டே பருவத்தில் மாவட்ட அணிக்கும் தேர்வாகிவிட்டார்.

2. எனக்குப் பொறாமை என்று ஊரில் பேசுகிறார்கள். பொறாமைதான். "லூதர் கிட்ட குடுங்கடா!" என்று கூட்டம் கத்தும்போது எனக்கு வயிறு எரிகிறது. என் மனைவி ஏடாவோ நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, "அந்த மனுஷன் ஓடுறதப் பாத்தாலே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குதுங்க" என்கிறாள்.

3. நிலக்கரிக் கிடங்கில் சுமை ஏற்றுபவர் என்று அவர் பதிவு. ஆனால் சனிக்கிழமைகளில் அவர் நகத்தில் துளி கறுப்பு இருக்காது. ஆதாரத்துக்காகத் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலை முதல் மாலை வரை கிடங்குக்கு எதிர்ச் சுவரின் பின்னால் நின்றேன். மனிதர் மாடு மாதிரி உழைக்கிறார். மழையிலும் நிறுத்தவில்லை. மாலையில் குழாயடியில் அரை மணி நேரம் கை தேய்க்கிறார். (பொருள் வரியை ஞாயிறன்றே எழுதிவிட்டேன். வேறு தாள் இல்லை.)

4. புதன் மதியம் நேரே என்னிடம் வந்து தன் ரொட்டியில் பாதியை நீட்டினார். "மூணு நாளா மழையில நிக்கிறீங்களேண்ணே, கால் பிடிச்சுக்கப் போகுது. சனிக்கிழமை வலது ஓரத்துல நீங்கதான். கேப்டன்கிட்ட நான் சொல்லிட்டேன்" என்றார். அன்று மாலை ஒட்டிய அணிப் பட்டியலில் என் பெயர் இருந்தது. ரொட்டியும் நன்றாகவே இருந்தது.

5. இன்று காலை என் மேஸ்திரி, நான் மூன்று நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதாகத் தங்களுக்கு எழுதிவிட்டார். விதிப்படி ஆடக் கூடாதவன் இப்போது நான்தான்.

ஆகவே, மேற்படி புகாரைத் தள்ளிவிட்டு, சுவருக்குப் பின்னால் நான் நின்ற மூன்று நாட்களையும் வேலை நாட்களாகவே ஏற்று, சனிக்கிழமை கோப்பை ஆட்டத்தில் என்னை ஆட அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நான் அங்கே நின்றதற்கு ஒரே சாட்சி திரு. லூதர் க்ராப்ட்ரீ. அவரிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தாங்கள் கேட்டால் மறுக்காமல் சொல்வார். அவர் அப்படிப்பட்டவர். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இடம்: ஸ்கார்பெக்
நாள்: 19 மார்ச் 1903, வியாழன்

தங்கள் விதிக்குக் கட்டுப்பட்ட,
ஈனாக் சக்டன்