குத்துமதிப்பாக முப்பத்தெட்டு

நவம்பர் 28

காலை 8.30: 22.4 மி.மீ. காற்று பலம். துவைத்த எதுவும் உலரவில்லை. அரை ஈரக் கோட்டை மாட்டிக்கொண்டுதான் லேபுக்குப் போனேன். ரத்தம் எடுக்கும்போது என் கை பட்டாலே எல்லோரும் கூசுகிறார்கள், அவ்வளவு ஜில்.

இந்தக் குளிர்காலம் பிடித்த பிடியை விடவில்லை. எங்கள் மழைக் குழுவுக்குக் கொண்டாட்டம். பதினாறு பேர், ஆளுக்கொரு மழைமானி, எட்டரைக்கு அளந்து குழுவில் போட வேண்டும். தையற்காரர் தவளைச் சத்தத்தைக்கூடப் பதிவு செய்து அனுப்புகிறார். ஓய்வுபெற்ற ஓவர்சியர் எல்லா எண்ணையும் தன் அட்டவணையில் ஏற்றுவார். பதினோரு வருட அட்டவணை, அவருக்குப் பிள்ளை மாதிரி.

மேட்டுத் தெருவில் மழைமானி வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். இங்கே பெய்வது ஐந்தாறு மணி நேரத்தில் ஓடை வழியாகப் பாலத்தடிக்குப் போய்ச் சேரும். அங்கே தரைத்தளத்தில் பைண்டிங் பட்டறை வைத்திருக்கும் அக்காவும் குழுவில் உண்டு. என் எண் 90-ஐத் தாண்டினால் கீழே உள்ள நோட்டுக் கட்டுகளை எல்லாம் மேல்தட்டில் ஏற்றிவிடுவார். போன வருடம் இரண்டு முறை அப்படித்தான் தப்பித்தார். "உன் நம்பரைப் பார்த்துட்டுத்தான் நான் மத்த வேலையே பார்ப்பேன்" என்பார். எனக்குத் தலைகால் புரியாது. என் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'மில்லிமீட்டர்'. பஸ் ஓட்டுகிறவருக்கு இதன் அருமை என்ன தெரியும்.

டிசம்பர் 1

மாடிக்குப் போகும் இரும்புப் படி வழுக்குகிறது. குளிர் வேறு. போர்வைக்குள்ளிருந்தே 31 என்று போட்டேன். ஆறு வருட அனுபவம், சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். அப்புறம் சாயங்காலம் வரை ஒரு சொட்டு விழவில்லை. ஏறி அளந்தால் 30.2! பரவாயில்லையே நான்.

"பார்க்காமலே சொல்றியே, லேப்லயும் இப்படித்தானா?" என்றார் வீட்டுக்காரர். வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள் என்றேன்.

டிசம்பர் 4

இன்றும் போர்வையிலிருந்துதான். 17. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கானால் எனக்கு நானே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

நேற்று சளிக்கு மாத்திரை போட்டுப் படுத்தவள் எட்டு மணிக்குத்தான் விழித்தேன். வெளியே தூறல் சத்தம். குழுவில் மற்றவர்கள் 35, 40, 36 என்று போட்டிருந்தார்கள். குத்துமதிப்பாக 38 என்று தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

பதினொன்றரைக்கு வீட்டுக்காரர் மாடியிலிருந்து கத்தினார். "டேங்க் மூடி பறந்துடுச்சு, வந்து பிடி!" போனேன். மழைமானியின் உள்குடுவை நிரம்பி வெளிக்குடுவையில் வழிந்து நின்றது. பகுதி பகுதியாக ஊற்றி அளந்தேன். 118. விடிகிற நேரத்தில் மேட்டில் மட்டும் கொட்டித் தீர்த்திருக்கிறது. நான் மாத்திரைத் தூக்கத்தில் இருந்திருக்கிறேன்.

உடனே அக்காவுக்கு போன் பண்ணியிருக்கணும். பண்ணல. ஏன் பண்ணல? 'திருத்தம்: 118' என்று தட்டிக்கூட வைத்தேன். அனுப்பவில்லை. அப்படியானால் எட்டரைக்கு எதைப் பார்த்தாய் என்று ஓவர்சியர் கேட்பாரே. எண்ணை மாற்றித் தட்டிவிட்டேன் என்று சொல்லலாமா? 118 எங்கே, 38 எங்கே — கொஞ்சம் ஒத்துத்தான் வருகிறது — இப்படி யோசித்துக்கொண்டே நின்றேன். மழைதான் விட்டுவிட்டதே, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டேன். டேங்க் மூடியைக் கட்டக் கயிறு தேடினேன். கயிறு தேடினேனாம்!

ஒன்று பத்துக்கு அக்கா குழுவில் படம் போட்டார். பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர். கட்டுகள் மிதக்கின்றன.

ஒன்றரை மணி நேரம். முழுசா ஒன்றரை மணி நேரம் எனக்கு இருந்தது.

டிசம்பர் 8

லீவு சொல்லிவிட்டுப் பாலத்தடிக்குப் போனேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டுகள் முந்நூறுக்கு மேல் ஊதிப்போய்க் கிடந்தன. அதையாவது மறுபடி அடிக்கலாம். பாட்டு டீச்சர் ஒருவர் முப்பது வருடமாகக் கையால் எழுதிய நோட்டுகளைப் பைண்டு பண்ணக் கொடுத்திருக்கிறார். ஒன்பது நோட்டு. மை கரைந்து பக்கமெல்லாம் ஒரே நீலம். அக்கா மழுங்கிய கத்தியால் ஒவ்வொரு பக்கமாகப் பிரிக்க, நான் நடுவே மை ஒற்றும் தாளை வைத்தேன். படிக்கிற மாதிரி பத்துப் பக்கம் தேறவில்லை.

அழுதுவிட்டேன். "நீ ஏன்டி அழற? மழை உன்னைக் கேட்டுட்டா பெய்யுது?" என்று அக்கா என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். டீ போட்டுக் கொடுத்தார். குடிச்சேன். வெட்கங்கெட்டவ, குடிச்சேன்.

டிசம்பர் 10

ஓவர்சியர் குழுவில் குரல் பதிவு போட்டிருக்கிறார்: "பதினோரு வருஷத்துல இப்படி நடந்ததே இல்ல. மண்ணு நல்லா ஊறிப்போச்சு. அதான் மேட்டுல 38 பெய்ஞ்சதுக்கே தண்ணி வந்துடுச்சு. இனிமே 90 கணக்கு வேணாம்மா. 35 வந்தாலே தூக்கிடுங்க."

எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். நானும் போட்டேன்.

டிசம்பர் 13

41. ஏறிப் பார்த்து, இரண்டு முறை அளந்த 41. அக்கா நூற்றுப்பத்துக் கட்டுகளையும் தனியாளாக ஏற்றியிருக்கிறார். தண்ணீர் முதல் படியைக்கூடத் தொடவில்லை. "வராம இருந்தா நல்லதுதானே" என்கிறார்.

டிசம்பர் 16

36.

34 என்று போட்டால் அக்கா தூக்க வேண்டியதில்லை. அந்த அளவுக்கு வந்துவிட்டேன். விரல் 3-ஐத் தட்டி 4-க்குப் போய்விட்டது. பிறகு 36 என்றே போட்டுவிட்டு, மத்தியானம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு நானே போய்த் தூக்கினேன். அக்கா ஸ்டூலில் நிற்க, நான் கீழிருந்து எடுத்துக் கொடுத்தேன். அறுபத்தொரு வயது. மூச்சு வாங்குகிறது. "நீ தங்கம்டி. யாரு இப்படி வருவா?" என்றார். தரை பிளந்து என்னை விழுங்கித் தொலைத்திருக்கலாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போய்ச் சொல்லிடேன்" என்றார். சொல்கிறேன் என்றேன். எப்போது என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "சரி விடு, நான் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

டிசம்பர் 18

லேபில் ஒரு பெரியவர் ரிசல்ட் தாளை நீட்டி, "சரியாத்தானேம்மா பார்த்தீங்க?" என்றார். வள்ளென்று விழுந்தேன். பாவம், பயந்துவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், என்னுடையது குரைக்கவே செய்கிறது.

டிசம்பர் 20

52. லேபில் ஆள் இல்லாததால் போக முடியவில்லை.

அக்கா ஸ்டூலிலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பு. எலும்பு உடையவில்லையாம். மூன்று வாரம் படுக்கை, எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். வரவில்லை. எப்படி வரும்?

டிசம்பர் 21

சொல்லிவிட்டேன்.

அக்கா வெந்நீர்ப் பையை முதுகுக்குக் கொடுத்துப் படுத்திருந்தார். "அக்கா, அன்னிக்கு 38-னு போட்டது நான் பார்க்காம போட்டது. நிஜம் 118." என் பக்கம் தலையைத் திருப்பினார். "அப்ப நான் தூக்கினதெல்லாம்?"

"தேவையே இல்லக்கா."

திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார்! சிரிக்க இடுப்பு வலிக்கிறது என்று முனகிக்கொண்டே சிரித்தார். "அட போடி. இந்தக் குளிர்ல யாருக்குத்தான் எந்திரிக்க மனசு வரும்? இதுக்கா இத்தனை நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தே?" குழுவிலும் நானே எழுதினேன். ஓவர்சியர் 90-ஐத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

பெரிய பாரம் இறங்கியது என்று எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பதினொன்றரை மணியை நான் சொல்லவில்லை.

டிசம்பர் 22

அக்கா மன்னித்தது ஒரு சோம்பேறியை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவளை அவருக்கு இன்னும் தெரியாது.

டிசம்பர் 24

மறுபடி போனேன். என்னைப் பார்த்ததும், "வாடி வா, நாற்காலியை இழுத்துப் போடு" என்றார். நின்றுகொண்டே சொன்னேன்.

"பதினொன்றரைக்கே தெரியும்க்கா. 118-னு அளந்துட்டேன். போனைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். மாட்டிக்குவேனோன்னு பயந்து சொல்லல."

இந்த முறை சிரிக்கவில்லை.

"தண்ணி ஒண்ணு பத்துக்குத்தானே வந்துச்சு?"

"ஆமாக்கா."

"பாட்டு டீச்சர் நோட்டு கீழ்த்தட்டுல இருந்துச்சு. எடுத்து மேல வைக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா?"

ஆகாது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். இடுப்பு விடவில்லை. பிடித்துத் திருப்பிவிடப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ. குளிருது."

டிசம்பர் 26

ஓவர்சியர் போன் பண்ணினார். "பார்க்காம போட்டது எந்தெந்தத் தேதிம்மா?" 1, 4, 7. "அவ்வளவுதானா?" அவ்வளவுதான் சார். "எழுதிக் கொடுத்துடுங்க." எழுதிக் கொடுத்தேன். அந்த மூன்று கட்டமும் அட்டவணையில் காலியாக இருக்கின்றன.

ஜனவரி 2

பாட்டு டீச்சர் வீட்டைத் தேடிப் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டார். நினைவில் இருப்பதைப் பாடச் சொல்லி ஒரு மாணவி எழுதிக்கொண்டிருக்கிறாளாம். நான் எழுதட்டுமா என்றேன். "உங்களுக்கு ஸ்வரம் தெரியுமா?" தெரியாது. "அப்போ எப்படி?" என்றார். கோபமே இல்லாமல்தான் கேட்டார்.

ஜனவரி 11

14.6. அக்கா எழுந்து நடக்கிறாராம். குழுவில்தான் பார்த்தேன்.

ஜனவரி 19

விடியற்காலையிலிருந்து பேய்க்காற்று. கைப்பிடியை விடாமல் ஒவ்வொரு படியாக ஏறினேன். குடை எதற்கு, அது என்னையும் தூக்கிக்கொண்டு போயிருக்கும். 97.2. குழுவில் போட்டேன்.

மூன்று நிமிடத்தில் போன். அக்கா. இருபத்தாறு நாள் கழித்து.

"ஏறிப் பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

"சத்தியமா?"

நாற்பத்துநாலு வயதாகிறது எனக்கு. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. "சத்தியமாக்கா" என்றேன். "சரி, ஆளுங்களை வச்சுத் தூக்கச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

ரெண்டு மணிக்குக் குழுவில் எழுதியிருந்தார்: 'தண்ணி வந்துச்சு. ஒண்ணும் நனையல.' கீழே வரிசையாக ஓவர்சியருக்கும் அட்டவணைக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள். கட்டுகளை இறக்க வரட்டுமா என்று அக்காவுக்குத் தனியாக அனுப்பினேன்.

'வேணாம்' என்று வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது: 'நாளைக்கும் ஏறிப் பாரு.'