கொம்பில்லாத பூனைக்கும் ஒரு கட்டம்

மார்ச் 3
நான் பராமரிக்கும் கால்நடை மருத்துவமனை டேட்டாபேஸில் விலங்குகளின் அட்டவணைக்கு 147 பத்திகள். பூனையின் வரிசையில் 131 காலி. அதில் ‘கொம்பு நீளம்’ ஒன்று. பெரிய டாக்டர் இன்று ஆமைக்காக ‘ஓட்டு விரிசல்’ கேட்டார். மூன்று வருடத்தில் வந்தது ஒரே ஆமை.

மார்ச் 5
முடிவு செய்துவிட்டேன். தனி அட்டவணை: எந்த விலங்கு, என்ன தன்மை, என்ன மதிப்பு. தன்மைக்கொரு வரிசை. வேண்டிய தன்மையை இங்கே வேலை செய்பவர்களே பெயரிட்டுச் சேர்த்துக்கொள்ளட்டும். நர்ஸ் அக்கா மட்டும் கேட்டார்: “நான் பேரைத் தப்பா அடிச்சா அது சொல்லுமா?” சொல்லாது என்றேன், ஏதோ பெருமையைச் சொல்வதுபோல்.

மார்ச் 19
அமலுக்கு வந்தது. டாக்டர் முதல் வேலையாக ‘குணம்: கடிக்கும்’ என்று சேர்த்தார். எல்லோரும் பாராட்டினார்கள். நானும்தான்.

ஏப்ரல் 8
ஒரு நாயின் விவரம் காட்ட முப்பது வரிசைகளைப் பொறுக்கிக் கோக்க வேண்டியிருக்கிறது. திரை திறக்கவே நேரமாகிறது. கேட்டவர்களிடம் நெட்வொர்க் மந்தம் என்று சொல்லி வைத்தேன்.

ஏப்ரல் 22
இன்னைக்கு ஒரு நாய் செத்திருக்கும். ஆபரேஷன். திரையில ‘ஒவ்வாமை: பதிவு இல்லை’. மயக்க ஊசி தயார். நர்ஸ் அக்கா திரையை நம்பாம வெளியே போய் நாய்க்காரரைக் கேட்டிருக்காங்க. “போன தடவ அந்த ஊசியிலதான் மூச்சு நின்னுபோச்சு” – அப்படின்னாராம். பதிவு இருந்தது. ‘ஒத்துக்காத மருந்து’ங்கிற பேர்ல. என் திரை தேடினது ‘ஒவ்வாமை’யை மட்டும். யார் தப்பு? வேற யார் – என் தப்புதான்.

ஏப்ரல் 23
ஒவ்வாமைக்குப் பதினான்கு பெயர்கள். அலர்ஜி, அலர்ஜீ, ஊசி ஆகாது... ஒன்று வெறும் ‘அ’. அது சோதனைக்காக நானே போட்டது. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நெட்வொர்க் பொய் உட்பட. திட்டவில்லை. “இப்ப என்ன பண்ணலாம்?” என்றார். திட்டியிருக்கலாம்.

மே 6
இனம், வயது, எடை, ஒவ்வாமைக்கு மறுபடி சொந்தப் பத்திகள். ஒவ்வாமையைக் காலியாக விட முடியாது. இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதியாக வேண்டும். அபூர்வமானதெல்லாம், பெயரும் மதிப்புமாக எத்தனை வேண்டுமானாலும் கொள்ளும் ஒரே ஜேசன் (JSON) பத்தியில். ஆனால் பெயர்கள் பட்டியலில் இருப்பவை மட்டும். பட்டியல் நர்ஸ் அக்கா பொறுப்பில்.

மே 20
டாக்டர் சேர்க்கக் கேட்ட ஐந்து புதுப் பெயர்களில் நான்கை அக்கா தள்ளிவிட்டாராம். டாக்டர் என்னிடம் முறையிட வந்தார். எனக்கு அதிகாரமில்லை என்றேன். உண்மைதான். காலையில் நானே அக்காவிடம் ‘நகத்தின் நிறம்’ சேர்க்கக் கேட்டிருந்தேன். ஏற்கெனவே வேறு பெயரில் இருக்கிறதாம். தேடிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.